சங்கிலி வெளுத்தது எதனால்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீட்டு மாடியில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். என் மாமனார் சவுகார்பேட்டை நகைப் பட்டறைகளில் கூட்டிச் சேர்த்த மண்ணை விலைக்கு வாங்கி, அரித்து, ரசம் (பாதரசம்) போட்டுத் தங்கம் பிரிக்கிறார். கடைசியில் வரும், தங்கமும் ரசமும் சேர்ந்த உருண்டையை வராந்தாவில் கேஸ் அடுப்பில் காய்ச்சுவார். மழை வந்தால் சமையலறையில். ஒரு வருடமாக அவருக்குக் கை நடுக்கம், தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் கோபம். நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. என் மூன்று வயது மகனுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகிறது; ராத்திரியெல்லாம் வியர்த்து அழுகிறான். அம்மை என்று வேப்பிலை வைத்தோம். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. போன மாதம் என் தாலிச் சங்கிலி ஓரிடத்தில் வெள்ளி மாதிரி வெளுத்தது. மாமா அதை அடுப்பில் காட்டிச் சரி செய்து கொடுத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. கணவரோ, "அதெல்லாம் சுரங்கத்துல வேலை செய்றவங்களுக்கு வர்ற வியாதி, சித்த மருந்துலயே ரசம் சேர்க்கிறாங்க" என்கிறார். நான் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? காசிமேட்டு மீனிலும் பாதரசம் இருக்கிறதாமே, சாப்பிடலாமா?
— பெயர் வேண்டாம், சென்னை 21

பதில்: அன்புள்ள சகோதரி, இன்றிலிருந்து அந்த வீட்டில் ரசம் காய்ச்சக் கூடாது. வராந்தாவிலும் கூடாது, மொட்டை மாடியிலும் கூடாது. மகனை நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சங்கிலி விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. தங்கத்தின் மேல் ரசம் பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். உங்கள் மாமாவின் தொழிலே அந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது: மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தங்கத்தை ரசம் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொள்ள உங்கள் கழுத்துக்கே வந்திருக்கிறது என்றால், வீட்டில் எங்கெல்லாம் அது கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அடுப்பில் காட்டியதும் வெள்ளை போய்விட்டதே, எங்கே போனது? காற்றில்தான் போனது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால், அதில் கொஞ்சம் உங்கள் நெஞ்சுக்குள் போயிருக்கும். இனி நகை வெளுத்தால் தீயில் காட்ட விடாதீர்கள். மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு வையுங்கள். சங்கிலி காத்திருக்கும், அவசரமில்லை.

உங்கள் கணவர் சொன்ன சுரங்க விஷயம் பாதி உண்மை. உலகத்தில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்குத்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2015ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில் மொத்தம் சுமார் 2,220 டன். அதில் ஏறக்குறைய 38 சதவீதம் இவர்களுடையது. பெரு, கானா, இந்தோனேசியா என்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள். பெரிய எந்திரம் எதுவும் கிடையாது. மண்ணை அரிப்பார்கள், ரசம் ஊற்றிப் பிசைவார்கள், துணியில் போட்டுப் பிழிவார்கள், மிஞ்சும் உருண்டையைத் தீயில் வைப்பார்கள். உங்கள் வராந்தாவில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே மலை மண், இங்கே பட்டறை மண். அவ்வளவுதான். இன்னொன்று, அந்த நாடுகளில் பாதிப்பு சுரங்கத்தோடு நிற்பதில்லை. உருண்டையை வாங்கி ஊருக்குள் காய்ச்சும் தங்கக் கடைகளும், அந்தக் கடைக்கு அக்கம்பக்கத்து வீடுகளும் கூடப் பாதிக்கப்படுகின்றன. உங்கள் வீடு ஒரே நேரத்தில் அந்தக் கடையாகவும் அக்கம்பக்கமாகவும் இருக்கிறது.

பாதரசத்துக்கென்றே மினமாட்டா உடன்படிக்கை என்று ஓர் உலக ஒப்பந்தம் உண்டு. 2017இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018இல் சேர்ந்தது. தங்கத் தொழிலில் ஒழிக்க வேண்டிய மோசமான வழக்கங்கள் என்று அது தனியாகச் சிலவற்றைச் சொல்கிறது. அதில் ஒன்று ரச உருண்டையைத் திறந்த தீயில் காய்ச்சுவது. இன்னொன்று குடியிருப்புப் பகுதியில் காய்ச்சுவது. கணவர் மறுபடி பேச்சை எடுத்தால் இதைச் சொல்லுங்கள். சண்டைக்காக அல்ல, தகவலாக.

அந்த உருண்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி ரசம்தான். பத்து கிராம் உருண்டையைக் காய்ச்சினால் நாலைந்து கிராம் ஆவியாகப் போகும். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் இருப்பது ஒரு கிராமுக்குள். அது உடைந்தாலே பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்வோம். காற்றில் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். பத்துக்குப் பத்து அறையில் மொத்தமே 28 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். வகுத்தலை நான் போடவில்லை, உங்களுக்கே போடத் தெரியும்.

இந்த ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. அதனால்தான் முப்பது வருடம் ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார முடிகிறது. சூடு ஆறியதும் ஆவி சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் அரிசி டப்பா மூடியிலும் படியும். பிறகு வெயில் ஏறினால் மறுபடி கிளம்பும். 20 டிகிரியில் காற்று தாங்கும் ரசத்தைப் போல இரண்டு மடங்கை 30 டிகிரியில் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில், அதுவும் ஓட்டுக்கோ ஷீட்டுக்கோ கீழே இருக்கும் அறையில், அடுப்பு எரியாத நாளிலும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொண்டேதான் இருக்கும்.

சித்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ரசம் சேர்ப்பது உண்மை. கந்தகத்தோடு கட்டி, பல படிகள் தாண்டி, வேறு ஒரு பொருளாக்கிச் சேர்ப்பார்கள். அந்த மருந்துகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்பது தனிப் பேச்சு, இங்கே வேண்டாம். ஆனால் ரசம் உடம்புக்குள் போகும் வழியைப் பொறுத்து எல்லாம் மாறும். தெர்மாமீட்டர் ரசத்தை ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால், குடல் நன்றாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி அப்படியே மலத்தோடு போய்விடும். அதே ரசம் ஆவியாகி மூச்சில் போனால், போனதில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். "நான் கையாலேயே பிசையறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தொழில்காரர்கள் சொல்வது இந்தக் குழப்பத்தால்தான். கையை மட்டும் பார்க்கிறார்கள், மூக்கை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மகன். உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிவது, விடாத வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தால், பாதரசம் புழங்கும் வீட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாதரசத்தைத்தான். முன்பு மேல்நாடுகளில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பாதரசப் பொடி கொடுத்தபோது இதே மாதிரி பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பொடியை நிறுத்தியதும் நோயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன்; தோல் உரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு, சில அவசரமானவை. மருத்துவரிடம் வீட்டில் நடக்கும் வேலையை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு யாரும் பி.பி. பார்ப்பதில்லை, இந்த நச்சில் அது ஏறும். ரசத் துளிகள் தரையில் கிடக்கும், பிள்ளை விளையாடுவதும் தரையில், உங்களைவிட வேகமாக மூச்சு விடுவதும் அவன்தான். ஒரு வீட்டில் முதலில் குழந்தைக்கு வருவதற்கு இதுவே காரணம்.

காய்ச்சிய சில மணி நேரத்தில் யாருக்காவது காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது என்று வந்தால் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரல் வெந்துபோவது போன்ற நிலை அது. சின்னப் பிள்ளைகள் அதில் இறந்திருக்கிறார்கள்.

அடுத்து உங்கள் மாமா. கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது நடுங்குகிறதா, டீ டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போது நடுங்குகிறதா என்று கவனியுங்கள். வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் சும்மா இருக்கும்போது தெரியும், வேலை செய்யும்போது குறையும். பாதரச நடுக்கம் பொதுவாக நேர்மாறு. டம்ளர் உதட்டை நெருங்க நெருங்கக் கூடும். ஒரு தாளில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, தேதி எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒன்று. எந்த ஸ்கேனையும்விட அது எனக்கு உதவும். ஈறில் ரத்தம் வருகிறதா, வாயில் உலோகச் சுவை இருக்கிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கொடுத்த மருத்துவரிடம் போய் அவருடைய தொழிலைச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பல வருடங்களுக்கு முன் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போன ஓர் ஆசாரியை மூன்று மாதம் நான் பார்த்தேன். உப்பைக் குறை, இந்த மாத்திரை, அந்த மாத்திரை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கூட வந்த அவர் மனைவிதான் ஒருநாள், "பட்டறையில ஒரே ரசப் புகை சார்" என்றார்.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தூக்கம் கெடுவது, எரிச்சல், நாலு பேர் முன்னால் கூச்சம், மறதி — இவையும் இந்த நச்சின் அடையாளங்கள். ஒரு வருடமாக வீட்டில் கத்திக்கொண்டிருப்பவர் முழுக்க உங்கள் மாமா இல்லாமல் இருக்கலாம். இதை உங்கள் மாமியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பவர் அவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

பரிசோதனை வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். ஆவியாக உள்ளே போன பாதரசத்தை அளக்கச் சிறுநீர்தான் சரி. கிரியேட்டினினோடு (சிறுநீரில் எப்போதும் வரும் ஒரு கழிவுப் பொருள்) சேர்த்துக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். ரத்தத்தில் பார்த்தால் மீனில் இருந்து வந்ததும் சேர்ந்து குழப்பும். முடியைச் சோதிப்பது இதற்கு உதவாது. பெரிய தனியார் ஆய்வகங்கள் மாதிரியை வாங்கி அனுப்புவார்கள்; பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், அதில் ஏற்கெனவே ரசம் ஒட்டியிருக்கலாம். தொழிலாளர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 20 மைக்ரோகிராம். அது வேலை செய்யும் பெரியவருக்கு. உங்கள் மகனுக்கு 15 என்று வந்து யாராவது "நார்மல்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் யாராவது முகம் வெளுக்க க்ரீம் போடுகிறார்களா? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, முடிவைக் கெடுத்துவிடும். சிறுநீரகத்தையும்தான்.

பாதரசத்தைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்துகள் உண்டு. மருத்துவமனையில், அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். புகையை நிறுத்தாமல் மருந்து சாப்பிடுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதை. கடையில் விற்கும் "டீடாக்ஸ்" எதுவும் வேண்டாம். வெல்லம் சாப்பிட்டால் இறங்கிவிடும், பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆவியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. புகை நின்றால் உடம்பில் இருப்பதில் பாதி சுமார் இரண்டு மாதத்தில் தானாக வெளியேறும். அப்புறம் மீதியில் பாதி. மூளையில் தங்கியது மட்டும் மெதுவாகத்தான் போகும்.

அம்மா வீட்டுக்குப் போங்கள். வளைகாப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மகனையும் கூட்டிப் போங்கள். அவனுடைய பஞ்சு பொம்மையும் தலையணையும் இங்கேயே இருக்கட்டும். போட்டுக்கொண்டு போகும் துணியை அங்கே தனியாகத் துவையுங்கள். பாதரச ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதை உங்களிடம் மறைக்க முடியாது. ஆனால் தாண்டும் என்பதும் பிள்ளைக்குக் குறை வரும் என்பதும் ஒன்றல்ல. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அந்த நாலு மாதத்தையும் சுத்தமான காற்றில் கழிக்கலாம். உங்கள் சிறுநீர் முடிவைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் பாதரசம் தெரியாது, அதற்காகத் தனி ஸ்கேன் எடுக்க யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இந்தக் காரணத்துக்காக மட்டும் கருவைக் கலைக்க வேண்டுமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருந்தால், வேண்டாம்.

வீட்டைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை இல்லை. கணவர் செய்யட்டும், அதுவும் ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு. விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் தொடக் கூடாது. ஒரு துளியை நூறு துளியாக உடைத்துப் பரப்பும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் துளிகள் மின்னும். கெட்டி அட்டை இரண்டால் சேர்த்து எடுக்கலாம், பொடித் துளிகளை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம். இடுக்குகளில் கந்தகப் பொடி தூவலாம். காய்ச்சிய சட்டி, வராந்தாவில் கிடந்த பாய், மெத்தை எல்லாம் போக வேண்டியதுதான். காயலான் கடைக்கு அல்ல, பழைய துணி எடுப்பவருக்கும் அல்ல, இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். மூடிக் கட்டி ஓரமாக வைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அனுப்புங்கள். மீதி ரசத்தையும் அரித்த தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றவே கூடாது. முகக்கவசத்தை நம்பாதீர்கள், துணியும் என்95ம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

இனி கஷ்டமான பகுதி. மாமாவிடம் யார் சொல்வது? நீங்கள் வேண்டாம். மருமகள் தொழிலைக் கெடுக்கிறாள் என்று பேச்சு வரும். பேரனின் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கணவர் சொல்லட்டும். "நிறுத்துங்கள்" என்று தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். "வேற எப்படிப் பண்ணலாம்னு பாருங்கப்பா" என்று தொடங்கலாம். வழி இருக்கிறது, அதற்கான பொருள் அவர் பெட்டியிலேயே இருக்கும்: வெங்காரம் (போராக்ஸ்). பிலிப்பைன்ஸில் பெங்கெட் என்ற மலைப் பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாக ரசம் இல்லாமல் வெங்காரம் சேர்த்து உருக்கித்தான் தங்கம் எடுக்கிறார்கள். பட்டறை மண்ணைக் காந்தத்தால் இரும்புத் தூள் போக்கி, நன்றாகச் சலித்து, அரித்து, மிஞ்சும் கனமான பொடியை வெங்காரத்தோடு மூசையில் உருக்குவது ஓர் ஆசாரிக்கு நான் சொல்லித்தர வேண்டிய வேலையா? ஒரே எச்சரிக்கை, அதுவும் வீட்டில் வேண்டாம். பட்டறை மண்ணில் நகையை ஒட்டவைக்கும் பழைய கே.டி.எம். பற்றாசின் தூளும் இருக்கும். கே.டி.எம். என்றாலே காட்மியம்தான், அதன் புகை நுரையீரலுக்கு ரசத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. உருக்கும் வேலையைப் புகைபோக்கி உள்ள சுத்திகரிப்புக் கூடத்திடம் விட்டு, தங்கத்துக்குத் தகுந்த காசு வாங்கிக்கொள்வதுதான் அவர் வயதுக்கு நல்லது. கொஞ்சம் குறையும். வாரா வாரம் மருந்துக்குப் போகும் காசையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். குக்கரில் குழாய் சொருகி ரசத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படி மூடிய கலங்கள் முறையாகச் செய்யப்பட்டவை உண்டு. வீட்டுக் குக்கர் அதுவல்ல.

கடைசியாக மீன். மீனில் இருப்பது வேறு வகைப் பாதரசம். சாக்கடையில் ஊற்றியதும், அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருவதும் கழிமுகச் சேற்றில் போய்ச் சேரும்போது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்னும் பெரிய மீனில் அதிகம் என்று ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் 1956இல் வெளியே தெரிந்த நோயும், ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட மெத்தில் பாதரசம் மீனில் ஏறியதால்தான் வந்தது. அந்த ஊர்ப் பெயர்தான் உடன்படிக்கைக்கு வைக்கப்பட்டது. அதற்காக மீனை விட்டுவிடாதீர்கள், பிள்ளையின் மூளைக்கு அது வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நெத்திலி, மத்தி, கவலை, காரப்பொடி, சங்கரா தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறா, மயில் மீன், பெரிய சூரை, ஆளுயர வஞ்சிரம் ஆகியவற்றைப் பிரசவமாகிப் பால் கொடுத்து முடிக்கும்வரை தள்ளி வையுங்கள். பால் ஊறட்டும் என்று உங்கள் அம்மா பால்சுறா புட்டு செய்யத் தயாராக இருப்பார். பூண்டு நிறையப் போட்டு நெத்திலிக் குழம்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். சுறா கேட்டால் நான் வேண்டாம் என்றேன் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.